கைமாற்றாக வாங்கிய மாலைகள்

இடுப்பில் ஆணி அடித்து இறக்கியது போல ஒரு வலி. குனிந்தால் ஒரு விதம், நிமிர்ந்தால் இன்னொரு விதம். சலவை ஆலையின் அழுக்குப் பக்கத்தில் துணி பிரிக்கும் அந்த மேஜையை எந்தக் குள்ளனுக்கு அளவெடுத்து அடித்தார்களோ, நெட்டச்சிக்கு அது பாதித் தொடைக்குத்தான் வரும். காலையிலிருந்து இருட்டும் வரை அவள் அதன்மேல் வளைந்தே கிடக்க வேண்டும்.

"ஒட்டகத்தைக் கொண்டாந்து ஆட்டுக் கொட்டில்ல கட்டின மாதிரி இருக்கு" என்று கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிப்பும் கடைசியில் இடுப்பில்தான் போய் இடிக்கும்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் யாராவது அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் நெட்டச்சிதான்.

அந்த ஆலையில் அழுக்குப் பக்கம் வேறு, சுத்தப் பக்கம் வேறு. நடுவில் கூரை வரைக்கும் சுவர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மூட்டைகளை இந்தப் பக்கம் அவிழ்ப்பார்கள். விரிப்பு, தலையணை உறை, நோயாளிச் சட்டை என்று பிரித்து மிஷினுக்குள் திணித்தால், சுவரிலேயே பதித்த அந்த மிஷின் துவைத்துப் பிழிந்து மறுபக்கத்துக் கதவு வழியாகத் தள்ளும். இங்கிருந்து அங்கே போகத் துணிக்கு வழி இருந்தது. ஆளுக்கு இல்லை. மூட்டைக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கும். கரண்டி, பல் செட், ஒற்றைச் செருப்பு. சில சமயம் ஊசி. ஊசிக்குப் பயந்து தடித்த கையுறை போட்டிருந்தாலும் அதற்குள் இருக்கும் விரலுக்குக் கண் வேண்டும். இடறுவது மடிப்பா முனையா என்று விரல்தான் சொல்ல வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் ஓடியது. ஆள் உயரத்துக்குச் சூடான உருளை. ஈர விரிப்பின் விளிம்பைப் பிடித்து அதன் வாயில் கொடுத்தால் காய்ந்து இஸ்திரி ஆகி வெளியே வரும். நின்று செய்கிற வேலை. குனிய வேண்டாம், நாறாது, கூலியும் கூட. அந்த ரோலரில் நின்றது நெட்டச்சியின் சம்பந்தியம்மா. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டின் மாமியார். கல்யாணப் பேச்சே ஆலை வாசலில்தான் தொடங்கியது. "உங்க பொண்ணு உங்க உயரமா?" என்று கேட்டாள். "இல்ல, அவங்கப்பா உயரம்" என்றதும் "அப்ப சரி, எங்க வீட்டு நிலைப்படி தாங்கும்" என்று முடித்துவிட்டாள்.

இப்போது மருமகனுக்கு வேலை போய்ப் பல மாதங்கள். மகளுக்குக் கைக்குழந்தை. சம்பந்தியம்மாவின் ரோலர் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கைமாத்து. பணத்தில் இல்லை, வேலை நேரத்தில். உன் பிள்ளைக்குக் காய்ச்சலா, நீ போ, உன் இடத்தில் நான் நிற்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் நீ நிற்க வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. வாங்கிய நேரத்தை நேரமாகத்தான் திருப்ப வேண்டும். காசை நீட்டினால் அது அவமானம். ஒருமுறை ஒருத்தி காசை நீட்டியதற்கு, "நான் என்ன உனக்குக் கூலிக்காரியா?" என்று இன்னொருத்தி மூஞ்சியில் துண்டை வீசினாள். இரண்டு பேருமே கூலிக்காரிகள்தான். அது வேறு.

பெரியவர்களுக்கு மாலையில் எழுத்தும் இங்கிலீஷும் சொல்லித் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டதும் நெட்டச்சிக்கு ஆசை வந்தது. சுத்தப் பக்கத்துக்குப் போக இங்கிலீஷ் வேண்டும். மிஷினில் ஒட்டியிருப்பதை வாசிக்கவும், ஆபீசில் நேர்காணல் என்றால் பதில் சொல்லவும். செவ்வாயும் வியாழனும் வகுப்பு. அழுக்குப் பக்கமோ இருட்டும் வரை ஓடும்.

"நீங்க போங்க சம்பந்தி" என்றாள் சம்பந்தியம்மா. "ரோலர்தான் சாயங்காலமே நின்னுடுதே. நான் வந்து உங்க மேஜையில நிக்கறேன். கைமாத்துதானே, எங்க ஓடிடப் போறீங்க? பொண்ணு எங்க வீட்லதான் இருக்கு."

"ஜாமீனா?"

"பின்ன? நல்ல ஜாமீன். சோறும் ஆக்கிப் போடுது."

தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் மேஸ்திரிக்குப் போதும். இரண்டு மாதமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் நடந்தது. பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. நெட்டச்சி முழங்காலை மடக்கி உள்ளே செருகவே தனிப் பயிற்சி வேண்டும். டீச்சர் இளவயசுக்காரி. மணிக்கு இவ்வளவு என்று கூலி. இங்கே முடித்துவிட்டு இன்னொரு இடத்துக்கு ஓடுவாள். ஓடுகிறவளுக்கு ஓடுகிறவளைத் தெரியும். அதனால் அவளை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அன்றைக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு ஏணி வரைந்தாள்.

"இது உங்க வேலை ஏணி. இப்ப எந்தப் படியில நிக்கறீங்க, அடுத்த படி எது, அதுக்கு என்ன கத்துக்கணும். இதத்தான் இந்த மாசம் பாக்கப் போறோம். தொழில் திட்டமிடல்."

"டீச்சர்" என்று கை தூக்கினான் கூடப் படிக்கும் பெயிண்டர். "நான் இருபது வருஷமா ஏணி மேலதான் நிக்கறேன். அது சுவரத் தவிர வேற எங்கயும் கூட்டிட்டுப் போகல."

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் டீச்சர் வாட்ச்மேனிடம் திரும்பினாள். பகலெல்லாம் இன்னொரு வேலை பார்த்துவிட்டு வகுப்பில் தூங்குவது அவருக்கு வாடிக்கை.

"ஐயா, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

வாட்ச்மேன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "கேட்ல."

"உள்ளயா வெளியயா பெருசு?" என்றான் பெயிண்டர்.

"கேட் எங்க இருக்கோ அங்க."

நெட்டச்சியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். எழும்போது இடுப்பு ஒரு சொடுக்குச் சொடுக்கியது. "ரோலர்" என்றாள். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் முகம் சூடாகிவிட்டது, கட்டிய புருஷன் பேரைச் சபையில் சொன்னது போல.

டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாள். எந்த வேலைக்குப் போக ஆசையோ, அந்த வேலையில் இருப்பவரிடம் போய்க் கேட்டு வர வேண்டும். எப்படி வந்தீர்கள், என்ன தெரிந்திருக்க வேண்டும், எது கஷ்டம்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கொல்லைப்புறத்துப் படிக்கட்டில் உட்காருவார்கள். அங்கேதான் நெட்டச்சி கேட்டாள்.

"கல்யாணம் பேசினப்போகூட நீங்க இவ்வளவு கேள்வி கேக்கலயே சம்பந்தி" என்றாள் சம்பந்தியம்மா. "பையனுக்கு என்ன வேலைன்னு கேட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

"கஷ்டம் என்னன்னு சொல்லுங்க. அதுக்கு இங்கிலீஷ் எழுதணும்."

சம்பந்தியம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். பிறகு பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீரை மூடியில் ஊற்றி, இடது கையின் நடு மூன்று விரல்களையும் அதற்குள் விட்டாள். ஆவி பறந்தது. அவள் முகம் மாறவில்லை.

"ஐயோ, எடுங்க!"

"ஒண்ணும் தெரியல. பாத்தீங்களா." விரலை எடுத்துச் சேலையில் துடைத்தாள். தோல் சிவந்திருந்தது. "போன வருஷம் விரலு உருள கிட்ட போயிடுச்சு. தோலு ஆறிடுச்சு, உணர்ச்சி திரும்பல. இப்ப கண்ணாலதான் ஓட்டறேன். கை எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து. இதான் கஷ்டம். எழுதிக்கங்க."

"மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க உக்காந்து சாப்பிடுவனா? வாய விட்டுடாதீங்க சம்பந்தி. வீட்டுலகூட யாருக்கும் தெரியாது. உங்க கிட்டதான்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் நெட்டச்சி. சத்தியமாகத்தான் சொன்னாள்.

வீட்டுப்பாடத்தில் அவள் அதை எழுதவில்லை. சூடு, நின்று நின்று கால் வலி என்று எழுதினாள். ஆனால் அதற்கான இங்கிலீஷ் சொற்களை டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உணர்ச்சியை என்ன சொல்வது, விரலை என்ன சொல்வது. கேட்டுக்கொண்ட சொல்லை மனப்பாடம் செய்தே பழக்கம், அதுவும் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் டீச்சர் குதூகலமாக வந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறவரைக் கூப்பிட்டிருக்கிறாளாம். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து நிஜ நேர்காணல் மாதிரியே கேட்பார். "பயிற்சிதான், பயப்படாதீங்க. ஒரு பிரச்சனையச் சொல்லுங்கன்னு கண்டிப்பா கேப்பாரு. என்ன பிரச்சனை, நீங்க என்ன செஞ்சீங்க, அதனால என்ன நல்லது நடந்துச்சு. இந்த மூணும் இருக்கணும். கடைசியில என்ன சொன்னாலும் தேங்க் யூ சார்னு முடிக்கணும்."

"நாடகத்துல நிஜக் கத்தியக் குடுத்துடப் போறாங்க டீச்சர்" என்றான் பெயிண்டர்.

நெட்டச்சி ஒரு கதை தயாரித்தாள். மூட்டைக்குள் பல் செட் கிடைத்தது, அவள் கழுவி எடுத்து வைத்தாள், ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். துணி பிரிக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வந்தவர் கோட்டுப் போட்டிருந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அவள் உட்காரச் சிரமப்படுவதைப் பார்த்து நாற்காலியை மாற்றித் தரச் சொன்னார். எங்கே வேலை என்று கேட்டார். சலவை ஆலையின் பேரைச் சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். பல் செட் கதையைச் சொன்னாள். சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த வகுப்பும் சிரித்தது. அவளுக்குத் தெம்பு வந்தது.

அவர் இன்னொன்று கேட்டார். கூட வேலை செய்கிறவருக்கு ஒரு பிரச்சனை. நீங்கள் எப்படி உதவினீர்கள்?

அதற்குக் கதை இல்லை. தலைக்குள் தேடினாள். இங்கிலீஷில் அவளிடம் இருந்த சொற்கள் ஒரு பைக்குள் அடங்கும். அந்தப் பையில் மேலாகக் கிடந்தவை சூடு, விரல், உணர்ச்சி, ரோலர். அவள் அதைத்தான் எடுத்தாள்.

"ஒன் லேடி, ரோலர் மிஷின். லெஃப்ட் ஹேண்ட், நோ ஃபீலிங்."

சொன்னதும் நின்றிருக்கலாம். ஆனால் மூன்றும் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாளே. பிரச்சனை ஆயிற்று. நீ என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான், இரண்டு மாதமாக இடுப்புக்குள் கிடந்த ஆசை தானாக வாய்க்கு வந்தது.

"ஐ ஹெல்ப். ஷி ரெஸ்ட். ஐ கேன் டூ ரோலர்."

வாய் தவறியது என்று பிற்பாடு அவள் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தவறி விழுந்தது போல இல்லை. ஏறி வந்தது போல இருந்தது.

கோட்டுக்காரர், "குட். வெரி குட்" என்றார். எந்த லேடி என்று கேட்கவில்லை. அந்த ஆலையில் ரோலர் ஒன்றுதான், அதில் நிற்பதும் ஒருத்திதான். அது தெரிந்தவருக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நெட்டச்சி "தேங்க் யூ சார்" என்று முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். வாட்ச்மேன்கூட விழித்துத் தட்டினார்.

படியிறங்கும்போது டீச்சர் அவள் தோளைத் தட்டினாள். "உங்களுக்கு அதிர்ஷ்டம். உங்க ஆலைய நடத்தறதே இவரோட கம்பெனிதான். உங்கள நல்லா நினைவு வெச்சுக்குவாரு."

நெட்டச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீடு போகிற வழியில்தான். சன்னலில் வெளிச்சம் தெரிந்தது, குழந்தை அழுதது, மகள் அதட்டுவதும் கேட்டது. நெட்டச்சி தெருவின் மறுபக்கமாக நடந்து போனாள். பெரிய கம்பெனிக்காரன், ஆயிரம் ஜோலி, மறந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள். ஏழை நம்புவதற்குப் பெரிய மனுஷனின் மறதியை விட்டால் வேறென்ன இருக்கிறது.

அவர் மறக்கவில்லை. வியாழக்கிழமை ஆலைக்கு டாக்டர் வந்தார்.

சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு, டோக்கன் கொடுக்க. அதன் வழியாக அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி கிசுகிசுத்தாள். "நெட்டக்கா, உங்க சம்பந்திய ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. கண்ண மூடச் சொல்லி விரல்ல குத்திக் குத்திப் பாக்கறாங்களாம். எந்த விரல்னு கேக்கறாங்களாம்."

"என்ன சொல்றாங்க?"

"தப்புத் தப்பாச் சொல்றாங்களாம்."

நெட்டச்சி கையுறையோடு அப்படியே நின்றாள். மேஜைமேல் மூட்டை பாதி அவிழ்ந்து கிடந்தது.

ரோலரிலிருந்து நிறுத்தினார்கள். அழுக்குப் பக்கத்திலாவது போடுங்கள் என்று சம்பந்தியம்மா கெஞ்சியிருக்கிறாள். ஊசி கிடக்கும் இடம், உணர்ச்சி இல்லாத கையை எப்படி விடுவது, சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அப்போதுதான் நெட்டச்சிக்கு உறைத்தது. அந்தக் கையோடுதான் சம்பந்தியம்மா இந்த மேஜையில் நின்றிருக்கிறாள். நான் மாடியில் உட்கார்ந்து ஏணி பார்த்துக்கொண்டிருந்த செவ்வாயும் வியாழனும், இந்த மூட்டைகளுக்குள், குத்தினாலும் தெரியாத அந்த மூன்று விரலை விட்டுத் துழாவியிருக்கிறாள். எனக்காக. ஒரு வார்த்தை சொல்லாமல்.

மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நோ சார். ஐ நோ வான்ட். ஹெர் ஜாப். சின்னச் சொற்கள், எல்லாம் தெரிந்த சொற்கள். மேலாளர் எதிரே இருந்த நாற்காலி உயரமாக இருந்தது. அதில் உட்கார்ந்ததும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இடுப்பு வலிக்காமல் இருந்தது. அவர் ரோலர் என்றார், திங்கட்கிழமை என்றார், புதுக் கூலியைச் சொன்னார். பிறகு நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"தேங்க் யூ சார்" என்றாள் நெட்டச்சி.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனாள். மகள் கதவைத் திறந்துவிட்டு, வா என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மருமகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்து வலது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. இங்கிலீஷ்ல சொன்னீங்களாமே. ரொம்ப நல்லாச் சொன்னீங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க."

"சம்பந்தி, அது பயிற்சின்னு சொன்னாங்க. சும்மா நாடகம்னு..."

"நாடகத்துக்கு என் கைதான் கெடச்சுதா?"

நெட்டச்சி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்தாள். முடிச்சு அவிழும் முன்பே சம்பந்தியம்மா உரித்த தோலை எடுத்து முறத்தில் போட்டாள்.

"அத உள்ள வைங்க. கைமாத்தக் காசாக்காதீங்க. நேரமா வாங்கினீங்க, நேரமாக் குடுங்க."

"எப்படிக் குடுக்கறது?"

"எனக்கு வேலை இருக்கற அன்னிக்கு வந்து என் இடத்துல நில்லுங்க."

உள்ளே குழந்தை சிணுங்கியது. "பாட்டி வந்திருக்கு, பாக்கறயா?" என்று மகள் கேட்பாள் என்று காத்திருந்தாள் நெட்டச்சி. மகள் கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் சம்பந்தியம்மா, வாசல் வரை வந்து. "விளிம்பக் குடுக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க. நான் பேசிட்டிருந்தப்பத்தான் போச்சு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் நெட்டச்சி ரோலரில் நிற்கிறாள். அது அவள் உயரத்துக்கே செய்தது போல இருக்கிறது. குனிய வேண்டியதில்லை. வலி மெல்லக் குறைந்து, ஒருநாள் காலையில் தேடிப் பார்த்தால்கூடக் காணவில்லை. வகுப்பில் டீச்சர் கரும்பலகையின் ஏணியில் ஒரு படிக்கு வட்டம் போட்டு, "இந்த வருஷம் மேல ஏறின முதல் ஆள்" என்று எல்லோருக்கும் காட்டினாள் என்று கேள்வி. அன்றைக்கு அவள் போகவில்லை. பிறகும் போகவில்லை. போக வேண்டுமென்றால் இப்போது யாரிடமும் கைமாத்துக் கேட்க வேண்டியதில்லை. ரோலர்தான் சாயங்காலமே நின்றுவிடுகிறதே.

சம்பந்தியம்மா வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் கையை நீட்டச் சொல்கிறார்களாம். அவளுக்கு வேலை இல்லாத வரை அவள் இடத்தில் போய் நிற்கவும் முடியாது. அழுக்கு மேஜையில் நெட்டச்சிக்காக அவள் நின்ற இரண்டு மாதத்துச் செவ்வாய் மாலைகளும் வியாழன் மாலைகளும் கடன். அதில் ஒரு மாலைகூட இன்னும் திருப்பித் தரப்படவில்லை.